எல்லாத்தையும்! எல்லாத்தையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு மீம் படத்தைப் போட்டு, அதற்கு வரி எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். இளஞ்சிவப்பு உடுப்பு போட்ட பெண் உருவம். தலைக்கு மேல் மஞ்சளாக, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி நிற்கும் முடி. பிதுங்கிய கண்கள், அகலத் திறந்த வாய், கையில் துடைப்பம். படத்தின் மேல் 'எல்லாவற்றையும்' என்று அச்சிட்டு, பக்கத்தில் நிரப்புவதற்குக் கோடு விட்டிருந்தீர்கள். போன ஞாயிறு முடிவு வந்தது. பரிசு பெற்ற வரி: 'எல்லாவற்றையும் தொடங்குவோம், எதையும் முடிக்க மாட்டோம்!' அதன் கீழே நடுவரின் குறிப்பு: 'ஆரம்ப சூரத்தனத்தைச் சரியாகக் குத்திக்காட்டுகிறது.'

வரி எழுதியவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கொடுத்த படத்துக்கு, கொடுத்த சொல்லை வைத்து நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நீங்கள் கொடுத்தது பாதிப் படம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் 14 வருடமாக சப்டைட்டில் எழுதுகிறேன். பெரும்பாலும் பாடக் காணொளிகளுக்கு, அதிலும் காது கேளாத மாணவர்கள் பார்க்கும் காணொளிகளுக்கு. ஒரு வரிக்கு ஏறக்குறைய 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி. அதற்கு மேல் போனால் படிப்பதற்குள் படம் நகர்ந்துவிடும். இந்த அளவுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும். படத்தின்கீழ் இருக்கும் வரி, படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அழுகிற முகத்துக்குக் கீழே '(சிரிப்பு)' என்று போட்டால், பார்க்கிற பிள்ளை அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். குரலைக் கேட்டுச் சரிபார்க்க அந்தப் பிள்ளைக்கு வழி இல்லை. அதனால் ஒரு வரி தப்பாகப் போய்விட்டால் என்னால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தப் படத்தை வரைந்தவர் ஆலி பிராஷ் என்ற அமெரிக்கப் பெண். 2010 ஜூன் மாதம் தன் வலைப்பதிவில் படமும் எழுத்துமாக ஒரு பதிவு போட்டார். பொறுப்பான பெரியவளாக ஆகிவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வப்போது வரும் வேகத்தைப் பற்றியது அது. பட்டியல் போட்டு, தள்ளிக்கொண்டே வந்த வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் செய்யக் கிளம்புகிறார். அந்த இடத்தில்தான் நீங்கள் போட்ட படம் வருகிறது. 'எல்லாத்தையும் சுத்தம் பண்ணு!' என்று தனக்குத்தானே போடும் கூச்சல். கொஞ்ச நாளில், இன்று செய்த அதே வேலையை நாளையும், மறுநாளும் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்கு உறைக்கிறது. களைப்பு வருகிறது, ஒதுங்குகிறார், ஒதுங்கியதற்காகக் குற்ற உணர்ச்சி, அந்த உணர்ச்சியின் பாரத்தால் இன்னும் ஒதுங்கல். அப்போது அதே பெண் தளர்ந்துபோய் அதே வரியை மறுபடியும் சொல்லும் இன்னொரு படம் வருகிறது. சொற்கள் மாறவில்லை. கடைசியில் இருந்த ஆச்சரியக்குறி மட்டும் கேள்விக்குறியாகிவிடுகிறது.

இரண்டு படங்களும் சேர்ந்துதான் ஒரு சொல்லாகின்றன. முதல் படத்தைத் தனியே கத்தரித்து, பேச்சை அழித்து, வெறும் டெம்ப்ளேட் ஆக்கினார்கள். 'எல்லா இதையும் அது பண்ணு' என்று யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்று அது உலகம் முழுக்கப் போனது. போனதில் தப்பு இல்லை, மீம் என்பதே அப்படிக் கைமாறும் பொருள்தான். ஆனால் வரைந்தவரின் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்திலும் இல்லை. அதைவிட எனக்கு வலித்தது, இரண்டாவது படமும் உதிர்ந்துபோனது. அது இல்லாமல் முதல் படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, 'இவள் நாளைக்குப் படுத்துக்கொள்வாள், பார்' என்ற ஒரே எண்ணம்தான் வரும். நடுவரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்.

வரி எழுதுகிற வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இந்த மாதிரி மீம்களில் வரும் தடித்த எழுத்துக்குப் பெயர் இம்பாக்ட். 1965-இல் ஜெஃப்ரி லீ என்பவர் வடிவமைத்தது. வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு, எல்லாம் பெரிய எழுத்தில். வெளிச்சமான படமோ இருட்டான படமோ, எதன்மேல் வைத்தாலும் படிக்க முடியும். பெரிய எழுத்தில் போட்டுவிட்டாலே கத்துவதாக ஆகிவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அப்படியானால் கத்தலை எங்கே வைப்பது? நம் பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 'எல்லாஆஆத்தையும்' என்று எழுதுகிறார்கள். பலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஓசை நீள வேண்டிய இடத்தில் நெட்டெழுத்துக்குப் பக்கத்தில் அதன் இனமான குற்றெழுத்தைப் போட்டு நீட்டிக் காட்டும் வழக்கத்துக்கு நம் இலக்கணத்தில் அளபெடை என்று பெயரே இருக்கிறது. பிள்ளைகள் குறிலுக்குப் பதில் நெடிலையே போடுகிறார்கள், அவ்வளவுதான். தேவை அதேதான்: எழுத்துக்குள் குரலைக் கொண்டுவருவது.

நீங்கள் அச்சிட்ட 'எல்லாவற்றையும்' என்ற சொல்லில் அந்தக் குரல் இல்லை. நான் இந்தக் கடிதத்தில் எழுதும்போது 'எல்லாவற்றையும்' சரியான சொல்தான். ஆனால் காலையில் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கத்துகிற யாரும் 'எல்லாவற்றையும்' என்று கத்துவதில்லை. 'எல்லாத்தையும்' என்றுதான் கத்துவார்கள். எண்ணிப் பார்த்தால் ஓர் எழுத்துதான் குறைகிறது. ஆனால் முதல் சொல்லில் நாக்கு 'வற்' என்ற இடத்தில் தடுக்கி நின்றுவிடுகிறது, இரண்டாவது நேராக ஓடுகிறது. சப்டைட்டிலில் இதற்காக நான் மணிக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். செய்தி வாசிப்பவர் வாயில் எழுத்துத் தமிழ், அதட்டுகிற அம்மா வாயில் பேச்சுத் தமிழ். இதை மாற்றிப்போட்டால் ஆள் மாறிவிடும்.

இன்னொன்று வினைச்சொல். ஆங்கிலத்தில் அந்த வரி ஏவலில் இருக்கிறது. தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்வது. தமிழில் 'சுத்தம் செய்!' என்று எழுதினால் பக்கத்தில் நிற்பவரை விரட்டுவது போல ஆகிவிடும். நாம் நம்மையே விரட்டும்போது என்ன சொல்கிறோம்? 'முடிச்சிடணும்.' 'செஞ்சிடணும்.' 'இன்னிக்கு ஒரு கை பார்த்துடணும்.' இந்தச் சொற்களின் நடுவில் உட்கார்ந்திருக்கும் 'விடு' என்ற துணைவினையைக் கவனியுங்கள். 'செய்யணும்' என்றால் ஒரு வேலை. 'செஞ்சிடணும்' என்றால் அந்த வேலை முடிந்து, தலையைவிட்டு இறங்கி, இனிமேல் திரும்பி வரவே கூடாது என்ற ஏக்கம். அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணின் முழு ஆசையும் அந்தத் துணைவினைக்குள் இருக்கிறது. பெருக்கிய தரை மறுபடி குப்பையாகும் என்பதை அவள் அந்த நிமிஷம் மறந்திருக்கிறாள். இதை ஒரே சொல்லில் சொல்ல முடிகிற மொழியில் நாம் எழுதுகிறோம். பிறகு ஏன் குத்திக்காட்டும் வரி எழுத வேண்டும்?

சரி, இவ்வளவு தூரம் இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நான் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார். ஏழு மாதம் நான்தான் கூட இருந்தேன். அந்த ஏழு மாதத்தில் வேறு எதையும் தொடவில்லை. அவர் எழுந்து, ஊன்றுகோல் பிடித்து நடக்கத் தொடங்கி, அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருக்கலாம் என்ற நிலை வந்தபோது எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அன்று மாதத்தின் முதல் தேதியும்கூட. விடிகாலை 4.45-க்கு விழிப்பு வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் களைப்பே இல்லை. விளக்கைப் போட்டு ஒரு பழைய குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தேன். அம்மாவின் மருத்துவ ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவது. ஆறு அட்டைப்பெட்டிக் காகிதங்களைப் பிரிப்பது. இரண்டு துணி அலமாரி. படிக்காத மின்னஞ்சல் 4,300. கைப்பேசியில் கிடக்கும் புகைப்படங்கள். பாதியில் நிற்கும் மூன்று காணொளிகள். தையல் இயந்திரத்தைப் பழுது பார்ப்பது. தினமும் 5 கிலோமீட்டர் நடப்பது. மொத்தம் 27 வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரமும் போட்டேன். அலமாரி, 40 நிமிடம். அட்டைப்பெட்டி ஒன்றுக்கு, 30 நிமிடம். எழுதி முடித்தபோது எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் மறக்க முடியவில்லை. வேலையே முடிந்துவிட்டது போல இருந்தது.

முதலில் நடந்துவிட்டு வந்தேன், ஐந்து கிலோமீட்டர் முழுசாக. அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இரண்டு அலமாரித் துணியும் கட்டிலில், ஆறு பெட்டிக் காகிதமும் தரையில். வெளியே கொட்டினால்தான் ஒழுங்கு செய்ய முடியும் என்று தோன்றியது. முதல் அட்டைப்பெட்டிக்கு மட்டும் மூன்று மணி நேரம் ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு காகிதத்தையும் படிக்க வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு நாலு வரிதான் அடித்திருந்தேன். ஞாயிறு இன்னும் இரண்டு. திங்கள் காலை எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கட்டிலில் துணிக்குவியலுக்கு நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் செய்து படுத்திருந்தேன். நடக்கப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. 11 நாள் அந்தக் குவியல் அப்படியே கிடந்தது. என் மகன் காகிதங்களை மிதிக்காமல் பாதம் வைக்க இடம் தேடித்தேடி அறைக்குள் வந்து போனான். அவனுக்கு அப்போது 15 வயது.

பார்க்க வந்த உறவினர் ஒருவர் கதவருகில் நின்றே சொன்னார்: 'ஆரம்ப சூரத்தனம்.' அன்பாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சொல் என்னைவிட்டுப் பல மாதம் போகவில்லை. உங்கள் நடுவரின் குறிப்பைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கதவுதான்.

பத்தாவது நாள் இரவு, அடுத்த அறையிலிருந்து மகன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். இந்தப் பெண்ணின் இரண்டாவது படம். துடைப்பம் பிடித்த உற்சாகம் எல்லாம் போய், தளர்ந்து நிற்கும் படம். அதன்மேல் அவனே தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தான்.

'எல்லாத்தையுமா?'

கீழே சின்னதாக, 'அம்மா, நான் வரட்டுமா?'

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். 'இதுல எதைச் செய்யலைன்னா நாளைக்குப் பிரச்சனை ஆகும், சொல்லும்மா' என்றான். யோசித்துப் பார்த்தேன். காணொளி ஒன்று, மருத்துவ ரசீது ஒன்று. மீதி 25-இல் எதற்கும் நாளை கெடு இல்லை.

அந்தச் சொல்லை நான் அன்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை செய்கிற கண்ணோடு. ஆங்கிலத்தில் கேள்விக்குறி முழு வாக்கியத்தையும் சந்தேகப்படுகிறது. எதன்மேல் சந்தேகம் என்று காட்ட, பேசும்போது குரலை அழுத்த வேண்டும், எழுத்தில் சாய்த்தோ தடித்தோ போட வேண்டும். தமிழில் 'ஆ' என்ற ஒரு விகுதி போதும். அதைக் கொண்டுபோய் எந்தச் சொல்லில் ஒட்டுகிறோமோ அந்தச் சொல்மேல் கேள்வி விழும். 'எல்லாத்தையுமா இன்னிக்கே நானே முடிச்சிடணும்?' என்றால் அளவைக் கேட்கிறோம். 'இன்னிக்கேவா?' என்றால் நாளைக் கேட்கிறோம். 'நானேவா?' என்றால் ஆளை. 'முடிச்சிடணுமா?' என்றால் முடிவு என்ற ஒன்று அந்த வேலைக்கு உண்டா என்பதையே கேட்கிறோம்.

மறுநாளிலிருந்து அந்த 27 வரியையும் இந்த நாலு கேள்வியோடு படித்தோம். 'எல்லாத்தையுமா' என்று கேட்டதில் ஆறு அட்டைப்பெட்டியில் இரண்டு அப்படியே வெளியே போயின. அசல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் காகிதங்களின் நகல்கள்தான் அவை. 'நானேவா' என்று கேட்டதில் ரசீதுகளை அண்ணன் வாங்கிக்கொண்டார். ஏழு மாதமாக அவர் ஏதாவது கொடு, ஏதாவது கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்தான், எனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லை. புகைப்படங்களை மகன் எடுத்துக்கொண்டான். 'முடிச்சிடணுமா' என்ற கேள்வி நடைப்பயிற்சிக்கும் மின்னஞ்சலுக்கும். அவற்றில் முடிப்பதற்கு ஒன்றும் இல்லை, தினமும் கொஞ்சம் என்பதுதான் அவற்றின் வடிவம். 27 வரியில் ஒன்பதைக் கோடு போட்டு அடித்தோம், செய்து முடித்ததால் அல்ல, செய்யவே வேண்டியதில்லை என்பதால்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு நடந்தது என் குணக்கேட்டால் நடந்தது இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1979-இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கும்போது, முன்பு அதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்பதை விட்டுவிட்டு, இந்தத் தடவை எல்லாம் எப்படி அழகாக நடக்கும் என்ற காட்சியையே மனம் பார்க்கிறது. 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் 37 மாணவர்களிடம் அவர்களுடைய ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்று வந்தது. எல்லாம் எவ்வளவு மோசமாகப் போக முடியுமோ அவ்வளவு மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலையைக் கற்பனை செய்யச் சொல்லியும்கூட ஒரு வாரம் குறைவாகவே சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவர் வேலையைக் கணிக்கும்போது அந்த அளவுக்கு நம்பிக்கையாகக் கணிப்பதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பத்து நிமிடக் காணொளிக்குச் சப்டைட்டில் எழுத எவ்வளவு நேரம் வேண்டும் என்று என்னிடம் யார் கேட்டாலும் துல்லியமாகச் சொல்வேன். என் அலமாரிக்கு 40 நிமிடம் என்று எழுதியதும் அதே கைதான். குறிப்பேட்டைக் காட்டியிருந்தால் மகன் அன்றைக்கே சொல்லியிருப்பான்.

மாதத்தின் முதல் தேதி என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்டது. வாரம், மாதம், ஆண்டு தொடங்கும்போதும் பிறந்தநாளை அடுத்தும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது. ஒரு புதிய பக்கம் திரும்பியதும் பழைய தோல்விகள் எல்லாம் பழைய ஆளுடையவை என்று மனம் ஒதுக்கிவைத்துவிடுகிறது. வேகம் அங்கேயிருந்து வருகிறது. அந்த வேகத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஏழு மாதம் கழித்து எனக்கு அது திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

எனக்கு அதிகம் உதவியது வேறொரு ஆய்வு. லண்டனில் பிலிப்பா லாலியும் கூட வேலை பார்த்தவர்களும் செய்தது, ஆலி பிராஷ் அந்தப் படத்தை வரைந்த அதே 2010-இல் அச்சில் வந்தது. 96 பேரை ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்யச் சொன்னார்கள். யோசிக்காமலே செய்யும் அளவுக்கு அது படிய எடுத்த காலம் நடுவாக 66 நாள். ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. நடுவில் ஒரு தடவை தவறவிட்டால் அதனால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அந்தத் திங்கட்கிழமை நான் நடக்கப் போகாததால் ஒன்றும் கெட்டிருக்காது. 'அவ்வளவுதான், போயிற்று' என்று செவ்வாய் நினைத்ததில்தான் கெட்டது.

'ஆரம்ப சூரத்தனம்' என்ற சொல் செவ்வாய்க்கிழமை காதில் விழுகிற சொல். அது பழக்கத்தில் ஊறிய சொல், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கே குறி வைக்கிறது என்று பாருங்கள். அளவு மீறிப் போட்ட பட்டியலைத் தொடவில்லை. தனியாகச் செய்ததைத் தொடவில்லை. தொடங்கியதைப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை, அடுத்த தடவை பட்டியலைச் சின்னதாக்கிக்கொள்ள மாட்டான், தொடங்கவே கூச்சப்படுவான். பத்து நாள் படுத்திருந்தபோது நான் எழுந்திருக்கத் தயங்கியதற்குப் பாதிக் காரணம், மறுபடி ஏதாவது ஆரம்பித்து மறுபடி அந்தச் சொல்லைக் கேட்டுவிடுவேனோ என்ற பயம். ஆலி பிராஷ் தன் படத்தில் தன்னைத்தான் வரைந்தார். பின்னால் தன்னுடைய மனச்சோர்வைப் பற்றியும் இதே எளிய கோடுகளில் வெளிப்படையாக வரைந்து, பலருக்குத் துணையாக இருந்தார். அவர் கோட்டை எடுத்து வேறொருவரைக் குத்துவது எனக்குச் சம்மதமில்லை.

மீம்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நேர் எதிர். என் மகன் அந்தப் படத்தை அனுப்பியிருக்காவிட்டால் அந்தக் குவியல் இன்னும் எத்தனை நாள் கிடந்திருக்குமோ தெரியாது. 'அம்மா, இப்படிப் படுத்திருக்காதே' என்று அவன் நேரில் வந்து சொல்லியிருந்தால் நான் சிணுங்கியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். படம் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டோம். படத்துக்கு வரி எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த நுட்பம் கைவசம் இருக்கிறது. உங்கள் போட்டிக்கு வந்த கடிதங்களிலும் நிச்சயம் அப்படிச் சில வரிகள் இருந்திருக்கும். பரிசு பெறாதவற்றையும் ஒரு பத்து எடுத்துப் போட்டிருக்கலாம்.

அடுத்த முறை இந்தப் போட்டியை வைத்தால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வரைந்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரைப் படத்தின் கீழேயே, வாசகர் கண்ணில் படும் அளவுக்குப் போடுங்கள். 'எல்லாவற்றையும்' என்ற சொல்லை நீங்களே அச்சிட்டுவிடாமல் வெற்று இடமாக விடுங்கள். எழுதுகிறவர் கத்தலை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு படத்துக்கு வரி எழுதினால் மற்றப் படத்துக்கும் எழுத வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். இரண்டாவது படத்துக்கு எழுதும்போது கிண்டல் தானாக வராது என்பது என் அனுபவம். அந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு குத்தலாக எழுத முடியாது.

போட்டிக் கெடு முடிந்துவிட்டது, தெரியும். பரிசுக்காக அல்ல, இரண்டு வரியையும் இங்கே எழுதிவிடுகிறேன். முதல் படத்துக்கு: 'எல்லாஅத்தையும் இன்னிக்கே முடிச்சிடணும்!' இரண்டாவது படத்துக்கு என் வரி இல்லை, என் மகனுடையது. அவனிடம் கேட்டுவிட்டேன், போடலாம் என்றான். 'எல்லாத்தையுமா? நான் வரட்டுமா?'

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சப்டைட்டில் எழுதுபவர்